பதினோராம் பீப்பாய்க்கு எதிரே ஒரு காலிக் கட்டம்

1

இந்தக் கதை ஒரு படிவத்தில் பிறந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மற்றவர்களுக்குக் கதை கனவில் வரும், ரயிலில் வரும். எனக்கு ஒயின் பரிசோதனைக்கூடத்தின் நீலப் படிவத்தில் வந்தது. பிரான்சின் ஜூரா மலையடிவாரத்தில் இருபத்திரண்டு வருஷமாக எனக்கு இதுதான் வேலை. வருஷத்துக்கு இரண்டு முறை ஒவ்வொரு குடும்பத்தின் கிடங்குக்கும் போய், பீப்பாய்க்கு ஒரு மாதிரி எடுத்து, தேறுமா புளிக்குமா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதுவும் எழுத்து வேலைதான். அதில் முடிவு சரியில்லை என்று இதுவரை எந்த வாசகரும் குறை சொன்னதில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

“ஓடில் வியே தன் பீப்பாய்களை ஒருபோதும் நிரப்புவதில்லை, ஏனென்றால்”

[விட்டுவிட்டேன். ‘ஏனென்றால்’ வந்தால் பாடப்புத்தகமும் கூடவே வந்துவிடும். இருந்தாலும் உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். பீப்பாயில் ஒயின் மெல்ல ஆவியாகிக் குறையும். மற்ற ஊர்களில் குறையக் குறைய ஊற்றி நிரப்பிவிடுவார்கள். எங்கள் மஞ்சள் ஒயினுக்கு அது ஆகாது. ஆறு வருஷம் மூன்று மாதம் அப்படியே விடுவோம். குறைந்த இடத்தில், ஒயினின் மேல் பாலேடு மாதிரி ஓர் ஏடு கட்டும். அதுதான் காவல், ருசியும் அதுதான். இடையில் யாராவது ஊற்றிவிட்டால் அந்தப் பீப்பாய்க்கு மஞ்சள் ஒயின் என்ற பெயர் கிடையாது. சட்டமே அப்படி.]

2

ஓடிலைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. அறுபத்துமூன்று வயது, கிடங்கின் சொந்தக்காரி. வாழ்க்கையில் தப்பே செய்யாதவர், அதுதான் அவரோடு பழகுவதில் உள்ள கஷ்டம். என் சந்தேகமெல்லாம் அவருடைய மாப்பிள்ளை ஆன்செல்ம் மீதுதான். இரண்டு வாக்கியத்துக்கு ஒரு முறை நல்லவனாகிவிடுகிறான்.

அவன் பக்கத்துச் சீமை, பர்கண்டிக்காரன். அங்கே நிரம்பாத பீப்பாய் என்றால் விருந்தாளிக்குச் சோறு போடாத வீடு மாதிரி. ஒயின் வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவன், ஓடிலின் மகள் குளோதில்டைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தான். ஈஸ்டர் விருந்தில் ஓடில் எல்லோர் முன்னாலும் சொன்னார்:

“எங்க மாப்பிள்ளைக்குத் தண்ணி டம்ளரைக் குடுத்தாலும் விளிம்பு வரைக்கும் ஊத்திருவாரு. போகட்டும். இந்த அறுவடையிலேருந்து கிடங்கு அவர் பொறுப்பு.”

(பிரெஞ்சில் அவர் ‘மாப்பிள்ளை’ என்று கூப்பிடுவதில்லை, பெயரைத்தான் சொல்வார். ஆனால் அந்தப் பெயரை அவர் இழுக்கிற இழுப்பில் முழு மாப்பிள்ளையும் இருக்கிறான்.)

எல்லோரும் கை தட்டினார்கள். அவன் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூச்சம் என்று நினைத்தேன்.

3

மாதிரிகள் எடுக்க மே மாதம் போனேன். பதினாலு பீப்பாய்கள், ஐந்து வருஷம் ஆனவை. விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனேன். காலியிடம் இருந்தால் சத்தம் வேறு மாதிரி கேட்கும். பத்து வரை சரி. பதினொன்றில் கை வைப்பதற்குள் பின்னாலிருந்து ஆன்செல்ம் சொன்னான்.

“மேடம், தட்டாதீங்க. நானே சொல்லிடறேன்.”

“சொல்லுங்க.”

“மார்ச்சுல அத்தை இடுப்பு ஆபரேஷனுக்குப் போயிருந்தாங்கல்ல? நான் அந்தப் பக்கத்து வரிசைக்கு ஊத்திட்டிருந்தேன். அது சாதா ஒயின், ஊத்தணும். ஒரு கையில கேன், காதுல போன். வரிசை முடிஞ்சுது, திரும்பினேன், மூடியைத் திறந்தேன், ஊத்திட்டேன். ரெண்டாவது கேன்லதான் மூளை முழிச்சுது.”

“அத்தைகிட்ட சொன்னீங்களா?”

“ஆஸ்பத்திரியில கிடக்கறவங்ககிட்ட எப்படிச் சொல்றது? வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். வந்ததும் அவங்க ஊரைக் கூட்டிக் கிடங்கையே குடுத்துட்டாங்க. அப்புறம் வாயே வரல.” பதினொன்றின் மூடியைத் தடவினான். “வருஷா வருஷம் ரெண்டு மூணு தானாவே வீணாப் போகுது. ஏடு தானா விழுந்திருச்சுன்னு நீங்க ஒரே ஒரு வரி எழுதினா...”

இங்கே என் பதிலை மூன்று விதமாக எழுதினேன். முதல் பிரதியில் கண்டித்தேன். இரண்டாவதில் சிரித்துக்கொண்டே மறுத்தேன். மூன்றாவதில் தோளில் தட்டினேன். மூன்றிலும் நான் பெரிய மனுஷி.

உண்மையில் நான் சொன்னது: “பார்க்கலாம்.”

தமிழில் இதைவிடக் கோழைத்தனமான சொல் இல்லை. அதைப் பிரெஞ்சிலும் நான் சரளமாகச் சொல்வேன்.

4

ஓடில் கைத்தடியோடு படியேறி வந்தார். எனக்கு முந்திக்கொண்டு, தடியாலேயே ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனார். பதினொன்றில் ஒரு தட்டு. இன்னொரு தட்டு.

“அவர் முகத்தில் அப்போது”

[அவர் முகத்தில் அப்போது ஒன்றும் இல்லை. ஏதாவது இருந்ததாக எழுத நான்கு நாள் முயன்றேன்.]

பன்னிரண்டுக்குப் போய்விட்டார். ஆன்செல்ம் கண்ணாடிப் புட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே போனதும் என்னிடம் சொன்னார்.

“பதினொண்ணுல மாதிரி எடுக்க வேணாம்.”

“கட்டம் காலியா இருக்குமே.”

“இருக்கட்டும். அதை எழுத வேண்டியவங்க நீங்க இல்ல.”

மதியச் சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னார்கள். சாசேஜ், சீஸ் உருக்கி ஊற்றிய உருளைக்கிழங்கு. ஓடில் என் படிவத்தை வாங்கி மாப்பிள்ளையின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“மாப்பிள்ளை, என் கண்ணாடியை மாடியில விட்டுட்டேன். நீங்களே பாத்து, விட்டுப்போனதை எழுதி, கையெழுத்து போட்டு மேடத்துக்கு அனுப்பிடுங்க. இனிமே உங்க வேலைதானே.”

“அம்மா, கண்ணாடி உன் கழுத்துலதான் தொங்குது,” என்றாள் குளோதில்ட்.

“தெரியும். நீ கிழங்கை எடுத்துக்க.”

ஆன்செல்ம் படிவத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் கிழங்கைப் பார்த்தேன்.

5

முடிவுகள் கைவசம் நிறைய இருக்கின்றன.

அவன் உண்மையை எழுதுகிறான், ஓடில் கட்டியணைத்துக்கொள்கிறார். [ஓடில் யாரையும் கட்டியணைத்து நான் பார்த்ததில்லை.]

“நானும் கல்யாணம் ஆன புதுசுல இதே தப்பைப் பண்ணினவதான்” என்று ஓடில் சொல்கிறார். [இனிப்பு அதிகம். அடித்துவிட்டேன்.]

அவன் ‘ஏடு தானாக விழுந்தது’ என்று எழுதுகிறான், ஓடில்

[இதை எழுதக் கை வரவில்லை. அவன் நல்லவன் என்பதால் அல்ல. அந்த வரி பொய்யென்று தெரிந்த இன்னொருத்தியின், அதாவது என், கையெழுத்தும் அதன் கீழே வர வேண்டும் என்பதால்.]

வியாழக்கிழமை தபாலில் உறை வந்தது. அவன் கையெழுத்தில் என் முகவரி. மேசை மேல் இருக்கிறது, நான் பிரிக்கவில்லை. பயமாக இருக்கிறது. அன்றைக்கே கிடங்கில் ‘முடியாது’ என்று நான் சொல்லியிருந்தால், அவன் தனியாக அந்தக் கட்டத்தின் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டான். அவனுக்குக் கிடங்கு கிடைக்குமா என்பது மட்டுமல்ல இந்த உறைக்குள் இருப்பது, என்னுடைய ‘பார்க்கலாம்’ என்ன செய்தது என்பதும்தான்.

இதற்குள் நீங்கள் அந்தக் கட்டத்தில் ஏதோ எழுதியிருப்பீர்கள். தெரியும். தயவுசெய்து அதை என்னிடம் சொல்லாதீர்கள்.

கதையை முடித்துவிட்டுத்தான் உறையைப் பிரிப்பது என்று எனக்கு நானே ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டேன். அதனால்தான் நான்கு நாளாக ஒரே ஒரு புள்ளி பாக்கி இருக்கிறது, அதை வைக்காமல் இந்த வாக்கியத்தை