ஹீட்டர் இருந்த இடம்

1953 ஐப்பசியில், கொட்டும் மழையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் தாவூது ஓட்டிய கார் உப்பு மூட்டை ஏற்றிய மாட்டுவண்டியின் பின்னால் மோதியது. மாடுகள் தப்பின. முதலாளி தேவப்பிரியத்தின் மணிக்கட்டு முறிந்தது.

மழைக்குப் பயந்து ஜன்னல்களை ஏற்றியிருந்தார்கள். உள்ளே நான்கு பேர் விட்ட மூச்சில் முன்கண்ணாடி ஆவி படிந்து வெளுத்துவிட்டது. அந்தச் சீமைக் காரில் இதற்கென்றே ஒரு ஹீட்டர் உண்டு. இஞ்சினின் வெந்நீர் ஓடும் அந்தப் பெட்டியிலிருந்து சூடான காற்று கண்ணாடியின் அடியில் வீசும், ஆவி கலைந்துவிடும். மெட்ராஸ் வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு என்று சிரிப்பவர்களுக்கு நடுவே, தாவூது அதை மழைக்காலத்துக்காகப் பேணி வந்தான். அன்று விசையை இழுத்தான். காற்று வரவில்லை. உள்ளங்கையால் துடைக்கத் துடைக்க வெளுத்தது.

மோதிய பிறகு குனிந்து பார்த்தான். ஹீட்டர் இருந்த இடம் காலி.

தண்ணீர் கசிகிறது என்று தண்டையார்பேட்டை மெக்கானிக் சுயம்புவிடம் விட்டு, முந்தின நாள்தான் எடுத்து வந்திருந்தான். “சரியாயிடுச்சு தோஸ்து” என்று சுயம்பு சொன்னதால் திறந்துகூடப் பார்க்கவில்லை. 1942இல் ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து பட்டணமே காலியானபோது, ஒரே லாரியில் சனங்களை ஏற்றிப்போன சிநேகிதர்கள் அவர்கள்.

மோதிய காரைச் சுயம்புவின் பட்டறைக்கே இழுத்துப் போனார்கள். மறுநாள் முதலாளி கட்டுப்போட்ட கையோடு வந்தபோது, பெட்டி அதன் இடத்தில் இருந்தது. சூடான காற்று வீசியது. திருகாணிகள் மட்டும் புதிதாய்ப் பளபளத்தன.

“நல்லாத்தான கீது, மொதலாளி? இவன் விசைய இழுக்க மறந்துட்டு எம்மேல போடறான்” என்றான் சுயம்பு.

தேவப்பிரியம் தாவூதின் முகத்தைப் பார்க்காமலே கை நீட்டினார். “சாவியக் குடு.”

வாசலில் சுயம்பு பின்னாலேயே வந்தான். “ஒரு டாக்டர் வண்டிக்கு ஹீட்டர அவசரமா கேட்டாங்க, கழட்டிக் குடுத்துட்டேன். ரெண்டு நாள்ல திருப்பி மாட்டிடலாம்னு பார்த்தேன். நேத்து ராத்திரிதான் வாங்கியாந்து மாட்டினேன்.”

“ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஜன்னல எறக்கினு ஓட்டியிருப்பேனேடா.”

“பட்டறை போயிடும்டா எனக்கு. ஒனக்கு இன்னா, எங்கியும் வண்டி கெடைக்கும்.”

தாவூது கையை ஓங்கினான். அடிக்கவில்லை. வீட்டில் மனைவி சாபிரா, “சுயம்பு அண்ணனா?” என்று மூன்று முறை கேட்டாள்.

தை மாதம் டாக்டரின் டிரைவர் மூலம் உண்மை வெளியே வந்தது. தேவப்பிரியம் ஆள் அனுப்பினார். தாவூது போய் நின்றான்.

“திரும்பி வந்துரு, தாவூது.”

“எட்டு வருசம் ஒங்க உசுர ஏத்திகினு ஓட்டினேன், மொதலாளி. அன்னிக்கு அவன் சொன்னதக் கேட்டீங்க. என்னை ஒண்ணுமே கேக்கல.”

சலாம் வைத்துவிட்டு, துறைமுகத்தில் நின்ற, இப்போது தான் ஓட்டும் லாரிக்கு நடந்தான்.