குரல் உயராத வீடு

நான் வாயாடி. அடுத்த வீட்டுக்காரி சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். துணிக்கடையில் புகார் மேசை என்னுடையது. சாயம் போன சட்டை, பிரிந்த தையல் என்று வருகிறவர்கள் பகல் முழுக்க என்னைக் காய்ச்சி எடுப்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிக்கொள்வேன். சாயங்காலம் வந்து அத்தனையையும் கணவர் தலையில் கொட்டுவேன். அவர் பேருந்து ஓட்டுநர், ஹாரன் கேட்டுப் பழகிய காது. சிரித்துச் சிரித்தே எரிகிறதில் எண்ணெய் ஊற்றுவார்.

அன்றைக்குக் கட்டில்மேல் கிடந்த ஈரத் துண்டுக்காகச் சண்டை. "யோவ், கொடியில போட்டா கை தேஞ்சு போயிடுமா?" என்று நான் கத்திக்கொண்டிருக்கும்போதே அவருடைய வலது கை வெட்டி வெட்டி இழுத்தது. கேலி செய்கிறார் என்று நினைத்து இன்னும் நாலு வார்த்தை சேர்த்துக் கத்தினேன். தொப்பென்று விழுந்தார்.

மூளையில் ரத்தக்குழாய்கள் சிக்குப் பிடித்த நூல்கண்டாகப் பின்னிக் கிடப்பதை டாக்டரம்மா படத்தில் காட்டினார். எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம். பேச்சுக்கும் கைக்கும் உரிய இடத்தில் இருப்பதால் கத்தி வைக்க முடியாது. முதலில் தொடை வழியாக மெல்லிய குழாயை மூளைவரை கொண்டுபோய்ப் பசை செலுத்தினார்கள், இரண்டு தடவை. பாதி அடைபட்டது. மிச்சத்துக்குக் கதிர்வீச்சு. தலையில் ஒரு சட்டத்தை நாலு திருகு வைத்து முடுக்கி, ஒரே நாளில் முடித்து அனுப்பினார்கள். நெற்றியில் ரத்தப் புள்ளிகளோடு வெளியே வந்தவர், "மண்டையை நல்லா சர்வீஸ் பண்ணிட்டாங்க" என்று சிரித்தார்.

"கதிர் பட்ட குழாய் உடனே மூடாதும்மா. உள்ளுக்குள்ள தடிச்சு மெதுவாத்தான் அடையும். ரெண்டு மூணு வருஷம் ஆகும். அதுவரைக்கும் வெடிக்கிற ஆபத்து இருந்துகிட்டேதான் இருக்கும்" என்றார் டாக்டரம்மா.

ஒரு கேள்வி என் தொண்டையில் நின்றது. நான் கத்தியதால்தான் விழுந்தாரா? ஆமாம் என்று சொல்லிவிட்டால் நான் எங்கே போவேன்? கேட்காமல் நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். அந்தக் குழாய் மூடும்வரை இந்த வீட்டில் ஒரு குரலும் உயரக்கூடாது.

மூன்று வருடம் பெட்டிப்பாம்பாக அடங்கியிருந்தேன். மகள் கதவை அறைந்து சாத்தினால் கண்ணாலேயே மிரட்டினேன். தொலைக்காட்சியில் ஆட்கள் வாயை மட்டும் அசைத்தார்கள். பணிமனையில் அவரைப் பேருந்துச் சாவி கொடுக்கும் ஜன்னலில் உட்காரவைத்துவிட்டார்கள். மூடிவிட்டது என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தால்தான் மறுபடி ஸ்டீயரிங். வீட்டுக்கு வந்தால் சும்மா உட்கார்ந்திருப்பார். சாப்பிடறீங்களா, மாத்திரை போட்டீங்களா, தூங்குங்க. எங்கள் வீட்டுப் பேச்சு அவ்வளவுதான். கேலி பேசுவதை அவரும் விட்டுவிட்டார். தலைக்கு ஓய்வுதானே, நல்லது என்று நினைத்தேன். என்னைப்போல ஒரு மடச்சி உண்டா?

இன்றைக்கு மூன்றாம் வருடப் படம். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்.

"முக்கால்வாசி மூடிடுச்சு. ஆனா பசை போட்டப்ப அடைபட்ட மாதிரி தெரிஞ்ச ஒரு மூலை இப்ப திறந்துகிட்டிருக்கு. அன்னைக்குப் படத்துல அது தெரியல, அதனால கதிர் அங்க படல. இன்னொரு தடவை கொடுக்கணும். மறுபடி மூணு வருஷம் காத்திருக்கணும்."

தலையில் இடி விழுந்தது போலிருந்தது. இத்தனை நாள் தொண்டையில் நின்றது தானாக வெளியே வந்தது. "டாக்டர், நான் சண்டை போட்டா அது வெடிச்சிடுமா? அன்னைக்கு நான் கத்தினதாலதான் விழுந்தாரா?"

"வீட்டுச் சண்டைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. அது பிறவியிலேயே இருந்திருக்கு. உங்களுக்கு யார் இப்படிச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை.

கணவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே நடைவழியில் வந்ததும் நின்றுவிட்டார்.

"இதுக்கா பேசாம இருந்தே? சாகப்போறவன்கிட்ட என்ன சண்டைன்னு நீ என்னைக் கைகழுவிட்டேன்னு நினைச்சேன். நர்ஸ் கூடக் குடும்பம் நடத்துற மாதிரி இருந்துச்சு. இன்னும் மூணு வருஷம் என்னால முடியாது. என்னைத் திட்டு. இங்கேயே திட்டு."

முகத்தில் பழைய சிரிப்பு லேசாக எட்டிப் பார்த்தது. ஆசையோடு காத்திருந்தார். திட்ட விஷயமா இல்லை? மூன்று வருடத்துக்கு இருந்தது. வாயைத் திறந்தேன். என் கண் அவர் நெற்றியில் திருகு போட்ட தழும்புக்குப் போனது. உள்ளே திறந்திருக்கும் அந்த மூலையை நினைத்தேன்.

"தரை ஈரமா இருக்கு," என்றேன். "பாத்து நடங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு மெதுவாக நடந்தார்.