இரண்டில் முடியும் எண்

பிப்ரவரி மாதக் குறிப்பிலும் ஜாய்ஸ் வந்திருந்தாள். "நோயாளி மனைவியுடன் வந்தார். கேள்விகளுக்கு மனைவி பதிலளித்தார். இரு செவிப்பறைகளிலும் ஓட்டை. வலது காய்ந்திருக்கிறது, இடதில் நாள்பட்ட சீழ்." லோர்னா நாற்காலியைத் திரையிலிருந்து பின்னுக்குத் தள்ளினாள். ஜாய்ஸ் சொபோட்காவை நவம்பரிலேயே, மண் உறைவதற்குள், புதைத்துவிட்டார்கள். அன்றைய சாப்பாட்டுக்கு ஹாம் சாண்ட்விச் அடுக்கிக்கொண்டு போனவளே லோர்னாதான்.

டாக்டர்கள் எழுதுவதைப் படித்து, காப்பீட்டுக்குப் போகும் குறியீட்டு எண்ணாக மாற்றுவது அவள் வேலை. காதுச் சீழுக்கான எண் ஒன்றில் முடிந்தால் வலது, இரண்டில் முடிந்தால் இடது. எழுதாதது நடக்கவில்லை என்பது இந்தத் தொழிலின் வேதம். எழுதியது நடந்ததா என்று கேட்க அதில் வசனம் கிடையாது. டாக்டர் ஹால்வர்சன் பழைய குறிப்பை அப்படியே இழுத்து ஒட்டியிருக்கிறார். செத்தவளையும் சேர்த்து. அப்படியானால் "இடது" என்பதையும்தானே? கேட்டல் பரிசோதனை வேறு ஊரில் நடந்தது. அதன் முடிவு ஃபைலில் இல்லை, "பார்க்கப்பட்டது" என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை இடது காதில் அறுவைச் சிகிச்சை.

ஜாய்ஸின் கணவர் வர்ஜில் சொபோட்கா இரும்புக் கடையில் தொலைபேசியை எந்தக் காதில் வைப்பார் என்று யோசித்தாள். இடது. தோளால் அதை இடுக்கிக்கொண்டு வலது கையால் ஆணி நிறுப்பார். சீழ் பிடித்த காதிலா பேசுவார்? அவருக்குக் கேட்கிற காது அது ஒன்றுதான் என்றால்?

டாக்டரிடம் விளக்கம் கேட்கலாம். ஆனால் பதிலை வாயில் ஊட்டுகிற மாதிரிக் கேட்கக் கூடாது. வலதா, இடதா, இரண்டுமா, சொல்ல இயலாதா என்று நான்கையும் ஒரே தராசில் வைத்து அனுப்ப வேண்டும். அனுப்பினாள். காப்பி ஆறுவதற்குள் பதில் வந்தது: "குறிப்பில் உள்ளபடி."

மேலாளர் கிரெட்சன் தடுப்புக்கு மேலே தலையை நீட்டினாள்.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? போன வருஷம் சைனஸ் டாக்டர் காப்பி அடிக்கிறார்னு ஊரைக் கூட்டினியே. கடைசில என்ன ஆச்சு?"

"அது வேற. இதுல ஜாய்ஸ் வந்திருக்கா, கிரெட்சன். அவ செத்துப்போயிட்டா."

"அது உனக்கு சாவு வீட்டுல தெரிஞ்சது. ஃபைல்ல இருக்கா? இல்ல. அப்ப அது உனக்குத் தெரியாது."

"தப்பான காதை அறுத்தா?"

"அறுக்குறதுக்கு முன்னாடி பேனாவால குறி போடுவாங்க, அவரையே கேப்பாங்க. 'இந்தக் காதா'ன்னு கேட்டா வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருப்பாரு? வெளிய போய் ஒரு நோயாளியைப் பத்திப் பேசினேன்னு தெரிஞ்சா உன் சீட்டு கிழிஞ்சிரும். அதை மட்டும் ஞாபகம் வச்சுக்க."

கிரெட்சன் ஏன் இவ்வளவு அவசரமாகத் தடுக்கிறாள் என்று ஒரு கணம் அவள்மேலும் சந்தேகம் வந்தது. அடுத்த கணம் தன்மேலேயே. சைனஸ் விஷயத்தில் அந்த டாக்டர் சொன்னதுதான் சரி. சந்தேகம் ஒரு பழக்கமாகிவிட்டால் எதைப் பார்த்தாலும் ஒட்டுப்போட்ட துணியாகத்தான் தெரியும். ஒருவேளை வர்ஜில் பழக்கத்தால் மட்டும் இடது பக்கம் வைத்துப் பேசுகிறாரோ?

வெள்ளிக்கிழமை தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் தவக்கால மீன் விருந்து. எண்ணெய்ப் புகை, தட்டுகளின் சத்தம், பெர்ச் மீனுக்கு வளைந்து வளைந்து நின்ற வரிசை. முட்டைக்கோஸ் சாலட் பரிமாறிக்கொண்டிருந்தார் வர்ஜில். லோர்னா அவருடைய வலது தோள் பக்கம் போய் நின்றாள்.

"வர்ஜில், இன்னிக்கு ஏரி மேல யானை நடந்து போச்சாமே?"

அவர் மலர்ந்து சிரித்து, தலையை மேலும் கீழும் ஆட்டினார். "ஆமா, ஆமா. அதேதான்."

லோர்னா மேசையைச் சுற்றி இடது பக்கம் வந்தாள். இன்னும் தணிந்த குரலில், "ஜாய்ஸ் இல்லாம எப்படி இருக்கீங்க?" என்றாள்.

கரண்டி நின்றது. "எங்க போனாலும் அவதான் பேசுவா. நான் சும்மா தலையாட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். இப்ப தலையாட்டுறது மட்டும் மிச்சம்." சாலட்டை அவள் தட்டில் வைத்தார். "மனுசங்க மூஞ்சியப் பாத்தாலே 'ஆமா'ங்கிறதைத்தான் எதிர்பாக்குறாங்கன்னு தெரியுது. எதுக்கு அவங்களைக் காக்க வைக்கணும்?"

பேனாவோடு ஒரு செவிலி குனிந்து கேட்பதும், இவர் இதே சிரிப்போடு தலையாட்டுவதும் லோர்னாவின் கண்ணில் ஓடின. வரிசையில் அவளுக்குச் சற்றுப் பின்னால் ஹால்வர்சன் தட்டோடு நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"இங்கயும் விளக்கம் கேட்டு அனுப்பப் போறியா, லோர்னா? மீனையாவது நிம்மதியா சாப்பிட விடு."

"நான் எதுவும் கேக்கல டாக்டர். நீங்க வர்ஜில்கிட்ட ஒரு வார்த்தை பேசுங்க. எந்தப் பக்கம் நின்னு பேசுறீங்கங்கிறது உங்க இஷ்டம்."

அவர் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார். அவளும் அவரை. பிறகு வரிசை நகர்ந்ததில், தற்செயலாகத்தான், அவர் வர்ஜிலின் வலது பக்கம் வந்து நின்றார். குனிந்தார்.

"செவ்வாய்க்கிழமை இடது பக்கம்தானே, வர்ஜில்?"

வர்ஜில் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

ஹால்வர்சன் தட்டை எடுத்துக்கொண்டு ஓரடி வைத்தார். நின்றார். திரும்பினார். "இல்ல, வலதோ?"

அதே சிரிப்பு. அதே ஆட்டல்.

பின்னால் யாரோ "டாக்டர், மீன் ஆறுது!" என்று கத்தினார்கள். அவர் நகரவில்லை. பிறகு தட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, மேசையின் ஓரமாக, மடக்கு நாற்காலிகளை இடித்துக்கொண்டு, மெதுவாக மறுபக்கம் சுற்றி வரத் தொடங்கினார். வர்ஜில் இன்னும், அவர் நின்றிருந்த வெற்றிடத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.