நான் பார்த்து வைத்த தோட்டா

சின்னசாமியின் வலது கண் போனது என்னால். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துக் கடைசியில் சொல்லுகிற ஆளை நானே நம்ப மாட்டேன்.

வாணியம்பாடியில் முக்தார் அகமது சாய்புவின் தோல் பதனிடுகிற ஷாப்பில் எனக்கு வேலை. தோலில் சுரண்டிப் போடும் கொழுப்புக்கு ஊர் நாயெல்லாம் வரும். வருஷத்துக்கு ரெண்டு மூணு வெறி பிடித்ததும் வரும். அதற்காகச் சாய்பு லைசென்ஸ் எடுத்து ஒரு ரிவால்வர் வைத்திருந்தார். சுடுகிறவன் காவல்காரன் சின்னசாமி. லைசென்ஸில் அவன் பேரும் உண்டு. தோட்டா தயார் பண்ணுகிறவன் நான், தேவசகாயம். வயசுக் காலத்தில் பட்டாளத்து ஆயுதக் கிடங்கில் எட்டு வருஷம் துடைத்துப் பெருக்கியவன். எழுத்து சரியாக வராது. பித்தளையைப் பார்க்கத் தெரியும்.

புதுத் தோட்டா மெட்ராஸிலிருந்து வர மாசக்கணக்காகும். அதனால் சுட்டபின் மிஞ்சுகிற பித்தளைக் குப்பியையே திரும்ப மருந்து போட்டு நிரப்புவோம். நிரப்புவது பெரிய வேலை இல்லை. எதை நிரப்பக் கூடாது என்று பார்ப்பதுதான் வேலை. புளித்தண்ணியில் கழுவி வெயிலில் காயவைப்பேன். வாய் விளிம்பில் நகத்தை ஓட்டுவேன். நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டு அடிப்பக்கம் பள்ளம் தட்டுகிறதா என்று தடவுவேன். அடியில் வைக்கிற வெடி கேப்பு லொடலொடவென்று உட்கார்ந்தால் அந்தக் குப்பி வேண்டாம். கடைசியில் கருங்கல்லில் போடுவேன். நல்லது கணீரென்று சொல்லும், விரிசல் விட்டது செத்த சத்தம் போடும். சந்தேகம் வந்ததைச் சுத்தியால் நசுக்கிவிடுவேன்.

சின்னசாமி எதிரில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டு கிண்டல் பண்ணுவான்.

"சவுரியம்மா அண்ணிய பொண்ணு பாக்கப் போனப்ப கூட இம்மாம் நேரம் பாத்திருக்க மாட்ட நீ."

"துப்பாக்கிக்குப் பின்னாடி நிக்கப்போறது உன் மூஞ்சிடா," என்பேன்.

"அதான் உன்கிட்ட குடுத்துட்டு நிம்மதியா இருக்கேன்," என்பான்.

அந்த வருஷம் சித்திரையில் ஆபீஸ் பீரோவிலிருந்த டப்பாவில் மூணு குப்பி குறைந்தது. பீரோ கிட்டே போகிறவர்கள் சாய்பு, நான், சின்னசாமி. சாய்பு தன் பொருளைத் தானே திருட மாட்டார். பித்தளைக்குக் கடையில் விலை உண்டு. என் மனசில் அவன் திருடனாகிவிட்டான். வாய் திறந்து கேட்கவில்லை. இருபது தோட்டா நிரப்பி, மிச்சமிருந்த நாலு குப்பியைப் பீரோவிலேயே விட்டுவிட்டு, தோட்டா டப்பாவை மட்டும் தூக்கிக்கொண்டேன். என் பொறுப்பில் இருக்கட்டும் என்றேன். எங்கே வைக்கப்போகிறாய் என்று சாய்பு கேட்கவில்லை.

நான் வைத்தது புறா எச்சம் ஊறுகிற தொட்டி அறையில். தோல் மெத்தென்று ஆவதற்கு அந்தத் தண்ணியில்தான் போடுவோம். உள்ளே போனால் கண் எரியும், மூக்கில் ஊசி குத்தும். வேலை இருக்கிறவனைத் தவிர எவனும் எட்டிப் பார்க்க மாட்டான். திருடனைத் தடுக்க இதைவிட நல்ல காவல் ஏது என்று நினைத்தேன். பரண்மேல் வைத்து, கதவுக்குப் பித்தளைப் பூட்டும் போட்டேன்.

ஐப்பசி மழையில் நாய் வந்தது. பகல் பத்து மணி. வாயில் நுரை ஒழுக, காயப்போட்ட தோலுக்கு நடுவே தலையைத் தொங்கப்போட்டு வந்தது. பெண்டுகள் சுண்ணாம்புக் குழிப் பக்கம் ஓடினார்கள். நான் ஆறு தோட்டா எடுத்துக் கொடுத்தேன். அறை இருட்டு, அவசரம். பார்க்கவில்லை.

முதல் வெடியில் நாய் விழுந்தது. சின்னசாமியும் உட்கார்ந்துவிட்டான். குப்பியின் அடி பிளந்து நெருப்பு பின்பக்கம் அடித்திருந்தது. முகத்தை மூடிய விரல் சந்தில் ரத்தம் வந்தது. கண்ணில் போன பித்தளைச் சில்லை டாக்டர் எடுத்தார். கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

வெடிமருந்தை அளவுக்கு மேல் போட்டு இடித்தாயா என்று சாய்பு என்னைக் கேட்டார். என் கையால் அளந்தது, இல்லை என்றேன். அப்படியென்றால் சின்னசாமிதான் துப்பாக்கியில் ஏதோ நோண்டியிருப்பான் என்றார். அப்படித்தான் இருக்கும் என்றேன். பொய் சொல்லவில்லை. அதை நம்பித்தான் சொன்னேன். அன்றைக்கே சின்னசாமியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

நாலாம் நாள் மிச்சத் தோட்டாவை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். பதினாலு. ஒன்பதில் முடி மாதிரி விரிசல், சிலதில் வாய்ப்பக்கம், சிலதில் அடிப்பக்கம். நான் கல்லில் போட்டுக் கணீரென்று கேட்டு வைத்த அதே குப்பிகள். ஓடிப்போய்ப் பீரோவில் விட்ட நாலையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வந்தால், கதவில் தொங்கிய பித்தளைப் பூட்டு பச்சையும் நீலமுமாகப் பூத்திருந்தது. ஆறு மாசமாகத் தினமும் அதைத் தொட்டுத் திறந்தவன் நான். எச்சத் தொட்டியிலிருந்து கிளம்பிக் கண் எரியவைக்கிற அந்தக் காந்தல்தான் பித்தளையையும் தின்றிருக்கிறது.

ஒரு தோட்டாவை எடுத்துக்கொண்டு சின்னசாமி வீட்டுக்குப் போனேன். கண்ணில் கட்டோடு வாசலில் உட்கார்ந்திருந்தான். கையில் கொடுத்தேன். நகத்தை ஓட்டிப் பார்த்தான்.

"இத நீ அப்பவே பாத்தியாண்ணா?"

"நெரப்பறப்ப நல்லா இருந்திச்சு. அப்புறம் பாக்கல."

தோட்டாவைக் கைக்குள்ளேயே மூடிக்கொண்டான். "சாய்புகிட்ட சொல்லு. கண்ணு போனா போவட்டும். நான் நோண்டலன்னு சொல்லு," என்றான்.

போய்ச் சொன்னேன். சாய்பு முழுசும் கேட்டார். எதற்கு அங்கே கொண்டுபோய் வைத்தாய் என்றார். மூணு குப்பி குறைந்த கதையைச் சொன்னேன்.

"அதுவா? புதுசு வாங்க மெட்ராஸுக்கு மாதிரிக்கு நான்தான் அனுப்பிச்சேன். ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே," என்றார்.

நாளையிலிருந்து என்னையும் வரவேண்டாம் என்றார். சின்னசாமியைத் திரும்பக் கூப்பிடச் சொன்னேன். நோண்டவில்லை என்பது சரி, ஒற்றைக் கண்ணன் எப்படிக் குறி வைப்பான் என்று கேட்டார்.

சின்னசாமி வீட்டுக்குத் திரும்பிப் போய் நடந்ததைச் சொன்னேன். அவன் அந்த மூணு குப்பியிலேயே நின்றான்.

"நான் எடுத்தேன்னு நெனச்சியா?"

"ஆமாண்டா."

கண் போனதற்குக்கூட என்னை ஒரு வார்த்தை திட்டாதவன், தோட்டாவை என் காலடியில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.