புகைக்கு ஒரு கை

ஐந்து மணிக்கு எழுந்தேன். அடுப்புச் சாம்பலை அள்ளி வெளியே கொட்டினேன். ஆற்றிலிருந்து இரண்டு வாளித் தண்ணீர். தேநீர், நேற்றைய ரொட்டி. என் மனைவி அனார்குல் இறந்து நாற்பத்திரண்டு நாள்.

ஆறு மணிக்குச் சுரங்கம். நிலக்கரி பெல்ட்டில் ஓடிவரும். பதினோரு பெண்கள் குனிந்து அதிலிருந்து கல்லைப் பொறுக்கி எறிவார்கள். கையுறை இரண்டு வாரத்தில் கிழிந்துவிடும், பிறகு வெறும் விரல். உறைந்த கரி தோலைப் பிய்த்துக்கொண்டு வரும். ஆண்கள் நாங்கள் தள்ளி நின்று லாரியில் ஏற்றுவோம். பெல்ட்டுக்கு நேர் மேலே மலையை வெட்டிய சுவர். அனார்குல் மேல் சரிந்தது அதில் ஒரு பகுதிதான். மிச்சத்தின் விரிசலுக்குள் என் கை முழங்கைவரை போகிறது.

மதியம் கூட்டம். எங்கள் பக்கம் வீட்டைப் புகை என்று எண்ணுவார்கள். ஒரு புகைக்கு ஒரு கை. வீட்டு ஆண் தூக்குவான். சுரங்கத்திலும் அதே வழக்கம். சுவருக்கு அடியில் வேலையைத் தொடர்வதா, பெல்ட்டை நகர்த்தும்வரை நிறுத்துவதா என்பதுதான் கேள்வி. நிறுத்தினால் கூலி கிடையாது என்று முதலாளி ரயிம்பெக் சொல்லியிருந்தார். பனிக்காலம். எல்லார் வீட்டிலும் மாவு மூட்டை தொளதொளத்துவிட்டது.

"எர்மெக் தம்பி, நீ பிஷ்கெக்ல தத்துவம் படிச்சவன்" என்றார் என்னிடம். "நீயே சொல்லு. வயித்தக் கிழிக்கிறதுக்கு முன்னாடி டாக்டரு நோயாளிங்களக் கூட்டி கை தூக்கச் சொல்றாரா? சுவரு தாங்கும்னு இஞ்சினியர் எழுதிக் குடுத்துட்டாரு."

இந்த வாதத்துக்குப் பதிலாகத் தேர்வில் ஆறு பக்கம் எழுதியிருக்கிறேன். ஒரு வரியும் நினைவுக்கு வரவில்லை.

"போன தடவையும் அவருதான் எழுதிக் குடுத்தாரு" என்றேன்.

"சரி. வேலை நடக்கட்டும்னு கை தூக்கினது யாரு, நானா? பதினெட்டுக்குப் பதினேழு. உங்க ஜனநாயகம்தானே?"

அந்தப் பதினெட்டில் ஒன்று என் கை. அன்று மாலைதான் சுவர் சரிந்தது.

பெல்ட்டில் மூத்தவளான உல்கான் அக்கா முன்னால் வந்தாள்.

"சுவரு எப்ப விழும்னு இஞ்சினியருக்குத் தெரியட்டும் மொதலாளி. யாரு தலையில விழும்னு எங்களுக்குத் தெரியும். அன்னிக்குக் கை தூக்கினவங்க எல்லாம் லாரிப் பக்கம் நின்னவங்க. அடியில நின்ன பன்னெண்டு பேரு கூட்டத்துக்கு வர பெல்ட்டக்கூட நீங்க நிறுத்தல."

வீட்டில் புருஷன்கள் கேட்டுவிட்டுத்தானே வந்திருப்பார்கள் என்றான் மேஸ்திரி சபீர்.

"என் புருஷன் சேணம் போடுறதுக்கு முன்னாடி குதிரை மொகத்த ரெண்டு தடவ பாப்பான்" என்றாள். "என்னைப் பாக்கல."

சிரித்தார்கள். அவள் புருஷன் சிரிக்கவில்லை.

சபீர் எண்ணத் தொடங்கினான். என்னைத் தாண்டிப் போனான். பொண்டாட்டி இல்லாதவன் புகையில் சேர்த்தி இல்லை என்றான். நான் நடந்துபோய்ப் பெண்கள் பக்கம் நின்றேன்.

வேலை தொடர இருபது கைகள்.

"நம்மளும் தூக்குவோம்" என்றாள் உல்கான் அக்கா. நிறுத்தச் சொல்லிப் பதினோரு கைகள் எழுந்தன, மணிக்கட்டுவரை கறுத்தவை. நானும் தூக்கினேன். யாரும் எண்ணவில்லை. அப்போது இருபதில் ஒரு கை இறங்கியது. உல்கான் அக்காவின் புருஷன். வந்து அவள் பக்கத்தில் நின்றான். பின்னால் இன்னும் ஆறு பேர் வந்தார்கள். சபீர் இருபது என்றே அறிவித்தான். அடியில் நிற்காதவர்களுக்கு நாளை வாசல் திறக்காது என்றார் ரயிம்பெக்.

திறக்காத வாசலில் எங்கள் பக்கம் வந்த எல்லாருமாக நிற்பது என்று முடிவாயிற்று. இனிப் புகைக்கு அல்ல, தலைக்கு ஒரு கை. வீட்டில் மாவு நான்கு நாளைக்கு என்றான் ஒருவன். தலையை எண்ணியும் தோற்றால் என்ன செய்வது என்று கேட்டான் இன்னொருவன்.

"தோக்குறோம்" என்றாள் உல்கான் அக்கா. "எங்களையும் எண்ணினப்பறம் தோக்குறோம்."

ஒரு பழைய விரிப்பைக் கொண்டுவந்தார்கள், வாசலில் கட்ட. அனார்குல் கடைசியாகச் சொன்னதை அதில் எழுத வேண்டுமாம். மண்ணுக்கு அடியிலிருந்து, ஒன்றாக நில்லுங்கள் என்று அவள் கத்தியதாக ஊரில் பேச்சு. அவள் கத்தவில்லை. தோண்டி எடுத்தபோது வாயெல்லாம் மண். கடைசியாக அவள் பேசியது அன்று காலை, எங்கள் வீட்டு வாசற்படியில், தலைத்துணியை முடிந்துகொண்டே.

"கூட்டத்துல எனக்கும் சேத்து நீ கை தூக்காத. நான் வர்றேன்."