கண்காட்சிக்குப் போன அன்றைய பிறை

மனிதன் நிலாவில் கால் வைத்த வருஷம், நோன்பு மாதப் பிறை பார்க்கும் நாளன்று, நானும் என் மனைவி அசனாவும் நோன்புச் சாமான் வாங்கக் கிண்ணியாவிலிருந்து திருகோணமலைக்குப் போயிருந்தோம். பொழுது படுமுன் நான் ஊருக்குத் திரும்பிவிட வேண்டும். போன வருஷம் தலைப்பிறையை நான் ஒருவன்தான் கண்டேன். பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார் முஹம்மது தம்பி ஊர் முன்னாலேயே என்னைப் பொய்யன் என்றார். ஒரு வருஷமாக அந்தச் சொல்லோடுதான் படுத்து எழும்புகிறேன். இந்த முறை பிசகக் கூடாது.

கடைக்குப் பக்கத்து மண்டபத்தில் விண்வெளிக் கண்காட்சி. அசனா விடவில்லை. உள்ளே ஆளுயர ராக்கெட் உருவம், விண்வெளிக்குப் போன நாயின் படம், கண்ணாடிக் குடம் கவிழ்த்தது போன்ற தொப்பியோடு ஓர் உடுப்பு. எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. எங்களைக் கிண்ணியாக் கரை சேர்க்கும் ‘பாதை’ என்ற மிதவைப் படகு போய்விடுமே என்ற பதற்றம். கடைசி அறையை இருட்டாக்கித் திரையில் நிலாவைக் காட்டினார்கள். பிறை வந்ததும் என் கால் நகரவில்லை. திரும்பத் திரும்ப நாலு தரம் பார்த்தேன். கடைசியில் கையைப் பிடித்து வெளியே இழுத்தது அசனாதான்.

துறைக்கு ஓடினால், பாதை அக்கரையில் நிற்கிறது. அது வந்து எங்களை ஏற்றிக்கொண்டு நடுத்தண்ணிக்குப் போகையில் பொழுது பட்டுவிட்டது. மேற்கே மழை முகில். அது சற்று விலக, மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. அசனாவுக்குக் காட்டினேன். அவள் திரும்புவதற்குள் முகில் மூடிவிட்டது. கண்ணை மூடினேன். அங்கேயும் அதே கோடு, திரையில் கண்டது போலவே. பயம் பிடித்துக்கொண்டது.

கரையில் ஊரே நின்றது. ஒருவருக்கும் பிறை தென்படவில்லையாம். மரைக்கார் நேரே என்னிடம் வந்தார்.

"அபூதாஹிர், நீ கண்டியா?"

"கண்ட மாதிரித்தான் இருந்தது."

"மாதிரி வேணாம். அல்லாஹ் மேல சத்தியமாக் கண்டியா?"

ஓம் என்றால் போதும், நாளைக்கு ஊர் நோன்பு பிடிக்கும். என் பெயரும் மீளும். ஆனால் வாய் வரவில்லை.

"சத்தியம் பண்ண ஏலாது மரைக்கார். கண்காட்சியில பிறையப் பார்த்திட்டு வந்தனான். கண்ணுக்குள்ள அதுதான் நிக்குது."

யாரோ சிரித்தார்கள். வெட்கத்தில் தலை குனிந்து நின்றேன். நாளைக்கு நோன்பில்லை என்று மரைக்கார் அறிவித்தார். கலையப் போன சனத்தைக் கைகாட்டி நிறுத்தினார்.

"அப்ப போன வருஷம் இவன் கண்டது உண்மை" என்றார். "நான்தான் பிழை."