1994உம் ஒரு காட் மீனும்

1.

இந்தக் கதைக்கு ஆர்ன்ஃபின்தான் காரணம். எங்கள் தீவின் ஆண்டுமலரை நடத்துகிறவன். 1994இல் நார்வேயில் நடந்தவற்றை ஒரு பக்கத்தில் கேட்டான். எழுதினேன்: பிப்ரவரியில் குளிர்கால ஒலிம்பிக். ஜூனில் உலகக் கோப்பைக் கால்பந்து. எங்கள் பிரிவில் நான்கு அணிக்கும் ஒரே புள்ளி, வெளியேறியது நாங்கள் மட்டும். நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரலாமா என்று வாக்கெடுப்பு. வேண்டாம் என்றது நாடு.

"பஸ் வர்ற நேரம் மாதிரி எழுதியிருக்கியேய்யா. இதுல ஆளு எங்க?" என்றான்.

ஆள் இருக்கிறாள். எதிர்வீட்டு சோல்ஃப்ரிட்.

2. (முதல் தொடக்கம்)

"பனி மெல்லப் பெய்த அந்தக் காலையில், கடல்"

[நிறுத்தினேன். அன்றைக்குப் பெய்தது மழை. நார்வேக்காரனுக்கே நார்வே என்றால் பனிதான் கைக்கு வருகிறது, என்ன செய்ய.]

3.

சோல்ஃப்ரிட் மீன் ஆலை நடத்துகிறாள். ஒன்றியத்தில் சேர்ந்தால் வெட்டிய மீனுக்கு அங்கே போடும் வரி நீங்கும், ஆலை பிழைக்கும். தம்பி ஹால்கைருக்குச் சொந்தப் படகு. சேர்ந்தால் வெளிநாட்டுக் கப்பல்கள் கடலை வழித்துக்கொண்டு போய்விடும் என்று அவனுக்குப் பயம். ஆகஸ்டில் அவள் பிறந்தநாளன்று முட்டிக்கொண்டது.

"உன் ஒரு படகுக்காக இருபது பொம்பளைங்க வேலைய விடணுமாடா?"

"உன் ஆலைக்காக நான் கடலையே விக்கணுமாக்கா?"

அன்றோடு பேச்சு நின்றது. மீனும் நின்றது.

(எங்கள் வழக்கம் இது: படகுக்காரன் வேண்டியவர்கள் வீட்டுக் கதவுக் கைப்பிடியில் ஒரு மீனைப் பையில் போட்டு மாட்டிவிட்டுப் போவான். காசு கொடுத்தால் அவமானம். எடுத்துச் சமைத்தால் உறவு. தொங்கவே விட்டால் ஊர் பார்க்கும். அதற்குமேல் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.)

4.

வாக்கு எண்ணி முடிந்த மறுநாள் முற்பகல். நான் ஜன்னலில் நிற்கிறேன், நீங்களும் பக்கத்தில் நிற்கிறீர்கள். ஹால்கைர் வருகிறான். முகத்தை மப்ளரால் மூடியிருந்த

[இது என் திருட்டுத்தனம். முகத்தை எழுதப் பயந்துகொண்டு மப்ளரைச் சுற்றிவிட்டேன். அவிழ்க்கிறேன்.]

கோட்டில் 'வேண்டாம்' பேட்ஜ் இன்னும் குத்தியிருக்கிறது. பையை அக்கா வீட்டுக் கதவில் மாட்டுகிறான். கைப்பிடியில் ஒட்டிய மீன் வழவழப்பைச் சட்டைக் கையால் துடைக்கிறான். உதடு ஒரு பக்கம் இழுபடுகிறது. குளிரா, சிரிப்பா? திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறான்.

5.

சோல்ஃப்ரிட் என் சமையலறையில் நிற்கிறாள். காபியைத் தொடவில்லை. இத்தனை வீம்புக்காரி என்னிடம் வந்து கேட்பாளா என்று எனக்கே சந்தேகம். [கேட்பாள். அவளுக்கு இருப்பது அந்த ஒரு தம்பிதான்.]

"ஜன்னல்லதானே நின்ன? அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"நல்ல காட் மீன். ஈரலோட வச்சிருக்கான்."

"மீனையா கேட்டேன்? மூணு மாசமா வராதவன், ஜெயிச்ச மறுநாள் வந்து மாட்டிட்டுப் போறான். சிரிச்சானா? சொல்லித் தொலையேன். திமிருன்னா அவன் வாசல்லயே கொண்டுபோய் வீசிடுவேன்."

முடிவு ஒன்று: "சிரிச்சான்" என்கிறேன். மீன் அவன் வாசலில் விழுகிறது. அவன் அதை

முடிவு இரண்டு: "கண்ணு கலங்கியிருந்துச்சு" என்று பொய் சொல்கிறேன். அவள் இரண்டு தட்டு வைக்கிறாள். அவன் பேட்ஜோடு வந்து உட்கார்ந்து, "நான்தான் சொன்னேன்லக்கா" என்று

இரண்டையும் விட்டுவிட்டேன். இரண்டிலும் அக்காவும் தம்பியும் இல்லை, என் பயம்தான் இருக்கிறது.

6.

எழுந்து நடக்கிறேன், உட்காருகிறேன், மறுபடி நடக்கிறேன். எனக்குத் தெரியவில்லை என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் என்னை விட்டு உங்கள் பக்கம் திரும்புகிறாள்.

"நீங்களும் ஜன்னல்ல இருந்தீங்கல்ல? நீங்க சொல்லுங்க. என் தம்பி எதுக்கு வந்தான்?"